வாய்க்கும் மொழிக்கும் ஒரே சொல்

2011 அக்டோபரில் என் கைக்கு வந்த பணி ஆணையில் ஆண்டு 2004 என்று போட்டிருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்துக் கேட்டேன். எத்தியோப்பிய நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் வருவது, அதில் 13 மாதம் உண்டு என்றார் அங்கிருந்த பெண். அந்தக் காலத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நிறையப் பேர் போனோம். நான் போனது புள்ளியியல் நடத்த. ஐந்து ஆண்டு இருந்தேன். அங்கே நான் கற்ற ஒரோமோ மொழியைப் பற்றியும், அதைக் கற்ற விதத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும்.

நான் இருந்த ஊர் நெக்கெம்தே. அடிஸ் அபாபாவிலிருந்து மேற்கே 300 கிலோமீட்டருக்கு மேல். ஆம்போ, பாக்கோ வழியாகப் பேருந்தில் போனால் ஒரு பகல் போய்விடும். மலையும் மழையும் காப்பியும் உள்ள ஊர். ஒரு பெரிய வளாகத்தின் ஓரத்தில் எனக்கு இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அவரோடு முதல் வகுப்புப் படிக்கும் பேத்தி இருந்தாள்.

கிளம்புமுன் நான் கொஞ்சம் அம்ஹாரிக் படித்துக்கொண்டு போனேன். எத்தியோப்பியா என்றால் அம்ஹாரிக் என்றுதான் நினைத்திருந்தேன். சந்தையில் அம்ஹாரிக்கில் பேசினால் பதில் வரும், சாமான் வரும், சில்லறையும் சரியாக வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். மூன்றாவது வாரம் ஒரு மாணவர் சொன்னார்: "இங்கே 'அக்கம்' என்று ஆரம்பித்துப் பாருங்கள் டீச்சர்." அக்கம் என்றால் 'எப்படி'. அன்று மாலை வெங்காயக்காரப் பெண்ணிடம் அதைச் சொன்னேன். அவர் கையில் இருந்த படியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நலமா, வீட்டார் நலமா, பிள்ளைகள் நலமா என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்கு ஒரு வரி கூடப் புரியவில்லை. ஆனால் எந்த மொழியைப் படிக்க வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

அந்த மொழிக்கு அங்குள்ளவர்கள் சொல்லும் பெயர் அஃபான் ஒரோமோ. அஃபான் என்றால் வாய். மொழிக்கும் அதே சொல்தான். 2007 கணக்கெடுப்பில் எத்தியோப்பியாவின் ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களில் மூன்றில் ஒருவருக்கு அது தாய்மொழி. கென்யாவின் வடக்கே போரானா மக்களும் அதன் ஒரு வகையைப் பேசுகிறார்கள். குஷிட்டிக் மொழிகள் என்று அறிஞர்கள் சொல்லும் குடும்பத்தில் இதுவே மிகப் பெரியது, அடுத்தது சோமாலி. செங்கடல் ஓரத்துச் சூடானில் பேஜாவில் தொடங்கி, தான்சானியாவின் முபுலு மேட்டுநிலத்து இராக்குவ் வரை இந்தக் குடும்பம் பரவியிருக்கிறது. அஃபார், சிடாமா, ஹதியா, கொன்சோ, பிலின் எல்லாம் இதன் கிளைகள்தான். லாலிபெலாவில் பாறையைக் குடைந்து கோயில் கட்டிய சாக்வே அரசர்கள் அகாவ் இனத்தவர். அந்த அகாவ் மொழிகளும் இதே குடும்பம். இந்தப் பெருங்குடும்பத்தின் தாய்க்குடும்பத்தில் அரபு, எபிரேயம், பழைய எகிப்திய மொழி, ஹவுசா எல்லாம் வருகின்றன.

சரி, கற்றுக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

முதல் தப்பு, நான் ஒரோமோச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தது. அது வசதியாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. ஒரோமோவில் நம்மைப் போலவே குறில் நெடில் உயிர்நாடி. 'லஃப' என்றால் நிலம், 'லாஃபா' என்றால் மென்மையானது. 'ரஃபூ' தூங்குவது, 'ராஃபூ' கீரை. 'கல்'லையும் 'கால்'ஐயும் பிரித்துச் சொல்லும் வாய்க்கு இதில் சிரமமே இல்லை. என்னோடு ஓர் ஐரோப்பியப் பெண்ணும் கற்றுக்கொண்டிருந்தார். அவர் ஒரு மாதம் தடுமாறியதை நான் ஒரு நாளில் தாண்டினேன்.

ஆனால் மெய்யெழுத்தில் நம் எழுத்து கைவிட்டுவிடும். வீட்டுக்கார அம்மாவின் மருமகன் ஒருநாள் வந்திருந்தார். சம்பந்த உறவுக்காரரை அவர்கள் சொல்லும் சொல்லில் 'டி' (d) என்ற லத்தீன் எழுத்து இரண்டு முறை வரும், அதே சொல்லில் ஒரு 'டி' மட்டும் வந்தால் பயம் என்று பொருள். நான் முதல் சொல்லைத் தமிழில் 'சொத்தா' என்று எழுதி வைத்திருந்தேன். தமிழில் மெய் இரட்டித்தால் வல்லோசைதான் வரும். 'த்த' என்று எழுதினால் வாய் தானாக அழுத்தி வெட்டிவிடும். அங்கே இரட்டித்தாலும் ஓசை மெலிதாகவே இருக்க வேண்டும். 'ரெட்டி' என்ற பெயரை நம் ஊரில் பலர் எப்படிச் சொல்கிறார்களோ, அந்த மெல்லிய அழுத்தம். இதைப் பிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. தெலுங்கு தெரிந்த என் சக ஆசிரியர் முதல் நாளே சரியாகச் சொன்னார்.

ஆகவே ஒரோமோ படிக்கப் போகிற தமிழர்களுக்கு நான் முதலில் சொல்வது: தமிழ் எழுத்தை ஒதுக்கி வைத்துவிட்டு குபே எழுத்தைப் படியுங்கள். 1991 நவம்பரில் அவர்கள் முறையாக ஏற்றுக்கொண்ட லத்தீன் எழுத்துமுறை அது. உயிர் நீண்டால் எழுத்து இரண்டு, மெய் அழுத்தினால் எழுத்து இரண்டு. இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலியாகிற இடங்களில் மட்டும் அழுத்தம் எழுத்தில் தெரியாது. ஒரு வாரம் போதும். சில எழுத்துகளின் ஒலியை மட்டும் ஆங்கிலப் பழக்கத்தில் படிக்கக் கூடாது. 'எக்ஸ்' அங்கே ஒரு வெடிக்கிற 'த'. 'சி' வெடிக்கிற 'ச'. 'க்யூ' வெடிக்கிற 'க'. இந்த வெடிப்பு தமிழில் இல்லை. பேத்திதான் எனக்குச் சொல்லித் தந்தாள்: மூச்சைப் பிடித்துக்கொள், விடாதே, அப்படியே 'க' சொல். தொண்டைக்குள் ஒரு சின்னக் குமிழ் உடைவது போல வரும். அது வரும் வரை நான் குடியிருந்த ஊரின் பெயரையே சரியாகச் சொல்லவில்லை, ஏனென்றால் நெக்கெம்தேயின் நடுவில் இருப்பது அந்தக் 'க'தான்.

'டி'யும் 'எச்'சும் சேர்ந்து வந்தால் மட்டும் நமக்கு ஆதாயம். நாக்கை மேலே மடித்து நாம் 'ட' சொல்கிற அதே இடம். அங்கே காற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துச் சொல்கிறார்கள். பத்துக்கு அவர்கள் சொல்வதைத் தமிழில் 'குடன்' என்று எழுதினால் முக்கால்வாசி சரி.

அந்தப் பேத்தியின் பாடப்புத்தகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கார அம்மா காப்பி வறுப்பார். பச்சைக் கொட்டையைக் கழுவி, இரும்புத் தட்டில் கரி அடுப்பின்மேல் வறுத்து, புகையோடு தட்டை எடுத்து வந்து எல்லார் முகத்துக்கு நேராகவும் காட்டுவார். நாம் அந்தப் புகையைக் கையால் நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும், மரியாதை அதுதான். பிறகு இடித்து, ஜபனா என்ற மண் கூஜாவில் கொதிக்க வைப்பார். கொதித்ததும் முற்றத்தில் நின்று அண்டை வீட்டாருக்குக் கேட்கிற மாதிரி ஒரே வாக்கியம்: "புன்னி தன்ஃபேர." காப்பி கொதித்துவிட்டது. அவ்வளவுதான் அழைப்பு. தனியாகக் காப்பி குடிக்கிற வழக்கமே அங்கே கிடையாது. பொடிப்பொடிக் கிண்ணங்களில் மூன்று சுற்று, முதல் சுற்று திடம், மூன்றாவது நீர்த்தது. முதல் நாள் உப்புப் போட்டுக் கொடுத்தார். மேற்கு எத்தியோப்பியக் கிராமப்புறத்தில் அது சாதாரணம். மூன்றாம் சுற்றுக்கு முன் எழுந்து போகாதீர்கள். நான் ஒருநாள் விடைத்தாள் திருத்த வேண்டும் என்று இரண்டாம் சுற்றில் எழுந்தபோது, அவருக்கு மனம் வருந்தியது முகத்தில் தெரிந்தது.

அந்தக் காப்பி நேரத்தில்தான் பேத்தி தன் முதல் வகுப்பு ஒரோமோப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்க உட்கார்வாள். சிங்கம், வீடு, பசு, பானை என்று படத்தோடு பெரிய எழுத்து. இரண்டாவது வாரம் கவனித்தேன், வீட்டுக்கார அம்மாவும் ஜபனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. பேத்தி ஒரு சொல்லைச் சொன்ன பிறகுதான் அவர் உதடு அதைச் சொல்லும், முன்னால் இல்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது. ஏனென்றால் அவர் தினமும் காலையில் ஒரோமோ பைபிள் படிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கேட்டேன். உள்ளே போய் அந்த பைபிளை எடுத்து வந்தார். அவருடைய அப்பா வைத்திருந்தது, தோல் அட்டை, முதுகில் துணி ஒட்டியது. மொழி ஒரோமோ, எழுத்து எத்தியோப்பிய எழுத்து, அம்ஹாரிக்குக்கும் பயன்படுகிற அதே எழுத்து. அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் ஒனேசிமோஸ் நெசிப். சிறுவயதில் பிடித்துச் செல்லப்பட்டு அடிமையாகப் பலமுறை விற்கப்பட்டவர். செங்கடல் கரையில் மசாவாவில் 1870-இல் விடுதலை பெற்று, ஸ்வீடன் மிஷனரிகளிடம் படித்தார். அவருடைய பிறந்த பெயர் ஹீகா. கட்டை அவிழ்ப்பதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் ஒரோமோவில் ஒரே வினைச்சொல். அந்தப் பெயர் அதிலிருந்து வந்தது. அவரோடு உழைத்தவர் அஸ்தெர் கன்னோ, அவரும் அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெண். தன் நினைவில் இருந்த நூற்றுக்கணக்கான விடுகதைகளையும் பழமொழிகளையும் பாட்டுகளையும் அவர் எழுதி வைத்தார். 1894-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஒரோமோ வாசிப்புநூலில் அவற்றில் பல இருக்கின்றன. முழு பைபிள் 1899-இல் சுவிட்சர்லாந்தில் அச்சானது. ஒனேசிமோஸ் பிற்பாடு இந்த நெக்கெம்தேக்கு வந்து பள்ளி நடத்தி, 1931-இல் இங்கேயே இறந்தார். வீட்டுக்கார அம்மா அவர் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஆக, அவருக்குத் தன் அப்பாவின் புத்தகம் படிக்கத் தெரியும், பேத்தியின் புத்தகம் படிக்கத் தெரியாது. இரண்டும் ஒரே மொழி. எழுத்து நடுவில் மாறிவிட்டது. எத்தியோப்பிய எழுத்தில் வழக்கமாக மெய் இரட்டிப்பைக் காட்டுவதில்லை, ஒரோமோவின் பத்து உயிர்களையும் சரியாகப் பிரித்துக் காட்டவும் முடியாது. புது எழுத்தைத் தேர்ந்ததற்கு அது ஒரு காரணம், அரசியல் இன்னொன்று. காரணம் எதுவானாலும், நடுவில் மாட்டிக்கொண்ட தலைமுறை அவருடையது.

அவர் பள்ளிக்குப் போனது ஹைலே செலாசி மன்னர் காலத்தில். பாடமெல்லாம் அம்ஹாரிக். "பள்ளி வாசலில் என் அஃபானைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவேன், மணி அடித்ததும் எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்" என்றார். வாயைச் சொன்னாரா மொழியைச் சொன்னாரா என்று பிரிக்க முடியாத வாக்கியம். அப்புறம் என்னிடம் கேட்டார், "நீ எந்த மொழியில் படித்தாய்?" பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழிலேயே படித்தேன், கணக்கையும் அறிவியலையும் தமிழிலேயே படித்தேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

அன்றிலிருந்து முதல் வகுப்பில் மாணவர்கள் இருவர், ஆசிரியைக்கு ஏழு வயது.

மொழி கற்க விரும்புகிற யாருக்கும் இதைச் சொல்வேன்: பெரியவர்களுக்கான கையேடு கிடைக்கிற வரை காத்திருக்காதீர்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளின் முதல் வகுப்புப் புத்தகத்தை வாங்குங்கள், கூடவே ஒரு பிள்ளையையும் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் நம் தப்பைப் பொறுத்துக்கொள்வார்கள், பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள். என் கையேட்டில் 'நீ' என்பதற்கு 'அதி' மட்டும்தான் இருந்தது. ஒரு மாதம் முழுக்க வீட்டுக்கார அம்மாவை நான் 'அதி' என்றே கூப்பிட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேத்திதான் புத்தகத்தை மூடிவிட்டு, "பாட்டியை இசின் என்று சொல்ல வேண்டும்" என்றாள். நம் 'நீங்கள்' மாதிரியே பன்மைதான் அங்கேயும் மரியாதை. படர்க்கையிலும் அப்படியே, பெரியவர் ஒருவர் வந்தால் 'அவர்கள் வந்தார்கள்' என்றுதான் வினை வரும். காலையில் சிறியவரைக் கேட்பது 'அக்கம் புல்தெ', பெரியவரைக் கேட்பது 'அக்கம் புல்தன்'. இரவு எப்படிக் கழிந்தது என்று பொருள். மாலையில் பகல் எப்படிப் போனது என்று வேறு சொல் வைத்துக் கேட்பார்கள். நன்றிக்கும் பெரியவருக்கு 'கலதோமா' என்று நெடிலில் முடிக்க வேண்டும்.

வாக்கிய அமைப்பு நமக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். வினை கடைசியில். 'நான் தண்ணீர் குடிக்கிறேன்' என்ற அதே வரிசை. அதைவிட என்னை அசத்தியது ஒன்று உண்டு. சந்தையிலிருந்து வந்து 'வாங்கினேன்' என்று சொன்னால் வீட்டுக்கார அம்மா "யாருக்கு?" என்பார். தனக்கு வாங்கினால் வினையின் நடுவில் ஓர் ஒலி கூடுதலாக வர வேண்டும். 'பிதெ' வாங்கினேன், 'பிதடெ' எனக்கென்று வாங்கிக்கொண்டேன். நம் 'கொள்' செய்கிற வேலையை அந்த ஒற்றை ஒலி செய்கிறது. இதை ஆங்கிலத்தில் விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், தமிழருக்கு 'வாங்கினேன், வாங்கிக்கொண்டேன்' என்று சொன்னால் போதும். கற்பதும் கற்பிப்பதும் அப்படியே, ஒரே வேரிலிருந்துதான். கற்பது 'பரச்சூ', கற்க வைப்பது 'பர்சீசூ'. என்னைக் கூப்பிட்டது 'பர்சீஸ்தூ', கற்பிக்கிறவள்.

ஆனால் இரண்டு இடத்தில் தலைகீழ். பெயரடை பின்னால் வரும்: வீடு பெரிய, நாய் கறுப்பு. 'மன' என்றால் வீடு. பள்ளி என்பது 'வீடு கல்வியின்', நூலகம் 'வீடு புத்தகத்தின்', உணவகம் 'வீடு சாப்பாட்டின்'. இரண்டாவது இன்னும் முக்கியம். தமிழில் செயப்படுபொருளுக்குத்தான் 'ஐ' போடுகிறோம், எழுவாய் சும்மா நிற்கும். அங்கே எழுவாய்க்கு உருபு, செயப்படுபொருள் சும்மா. பேத்தியின் புத்தகத்தில் சிங்கம் 'லேஞ்ச', மனிதன் 'நம'. 'நம்னி லேஞ்ச அஜ்ஜேசெ' என்றால் மனிதன் சிங்கத்தைக் கொன்றான். 'லேஞ்சி நம அஜ்ஜேசெ' என்றால் சிங்கம் மனிதனைக் கொன்றது. நான் தமிழ்ப் பழக்கத்தில் ஒட்டு உள்ள சொல்லைச் செயப்படுபொருள் என்று எடுத்துக்கொண்டு எத்தனையோ நாள் பொருளைத் திருப்பிப் புரிந்துகொண்டிருக்கிறேன். காப்பி கொதித்தது என்கிறபோதும் 'புன' என்ற சொல் 'புன்னி' ஆவது இதனால்தான்.

கடிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் ஒரு துக்க வீட்டுக்கு இரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள். மதியம் இரண்டுக்குப் போனேன், எல்லாம் முடிந்திருந்தது. அங்கே பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி, எட்டு இரண்டு மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இது இயல்பாக இருந்திருக்கும். யார் நேரம் சொன்னாலும் 'எத்தியோப்பிய நேரமா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, 'ஆம்' என்று சொல்வதற்குப் பலர் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். திடுக்கிட்டுவிட்டார் என்று நான் முதலில் பதறினேன். சம்மதம் என்றுதான் அர்த்தம்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் நடந்தது இது. அரசு மாணவர்களை நாடு முழுக்கக் கலந்து அனுப்புவதால், ஒரே அறையில் பல மொழிக்காரர்கள் இருப்பார்கள். தொலைவு அளந்து தரவுகளைக் கொத்துகளாகப் பிரிக்கும் முறையை நடத்த வேண்டியிருந்தது. புத்தகத்து எடுத்துக்காட்டு சலிப்பாக இருக்கும் என்று, ஆளுக்கு ஒருவராக வந்து ஒன்று முதல் பத்து வரை அவரவர் மொழியில் எழுதச் சொன்னேன். ஜிஜிகாவிலிருந்து வந்த சோமாலிப் பையன் ஒரோமோப் பெண்ணின் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதினான். இரண்டுக்கு ஒரோமோவில் லம, சோமாலியில் லப. சதீ, சத்தெஹ். அஃபுர், அஃபர். ஐந்துக்கு இருவரும் ஷன். ஏழுக்குத் தொர்ப, தொத்தொப. எட்டுக்குச் சத்தேத், சித்தேத். ஒன்பதுக்குச் சகல், சகால். எழுத எழுத வகுப்பில் சத்தம் கூடியது. சிடாமா மாணவி இரண்டுக்கு 'லமெ' என்று எழுதினாள், ஹதியா மாணவன் 'லமோ' என்றான். அம்ஹாரிக் வரிசை தனியாக நின்றது. வொலாய்த்தா மாணவனின் வரிசையும் தனியாக நின்றது. அவன் மொழியை ஒரு காலத்தில் மேற்குக் குஷிட்டிக் என்றுதான் சேர்த்திருந்தார்கள், 1969-இல்தான் ஓமோட்டிக் என்று பிரித்தார்கள். எங்கள் கரும்பலகையும் அதே பக்கம்தான் சாய்ந்தது. அந்தச் சோமாலிப் பையனும் ஒரோமோப் பெண்ணும் அதுவரை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். மணி அடித்த பிறகும் பால், பல், வாய் என்று ஒருவருக்கொருவர் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் பையன்தான் சோமாலிக் கவிதையை எனக்குக் காட்டியவன். நீண்ட பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொரு வரியிலும் ஒரே எழுத்து மோனையாக விழுந்துகொண்டே இருந்தது. ஓர் அடிக்குள் மோனை பார்க்கிற நமக்கு அது நம்பவே முடியாத காரியம்: பாட்டு எத்தனை வரி ஓடினாலும் எடுத்த எழுத்தை விடக் கூடாது. உயிரில் தொடங்கினால் எந்த உயிரும் எந்த உயிருக்கும் மோனை ஆகும். சோமாலிக்கு அரசு லத்தீன் எழுத்தை ஏற்றது 1972-இல்தான். அதற்கு முன்பு மேய்ச்சல்காரர்கள் இவ்வளவு கவிதையையும் தலையில் சுமந்தார்கள், பிசகாமல் சுமக்க அந்த மோனை உதவியிருக்கிறது. சோமாலியில் இன்னொரு கவனம் வேண்டும்: பையனுக்கும் பெண்ணுக்கும் 'இனன்' என்ற ஒரே சொல், குரல் முதலசையில் ஏறினால் பையன், இரண்டாவதில் ஏறினால் பெண்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரோமோவில் அப்பா 'அப்பா' மாதிரியே ஒலிக்கும். பாலுக்கு 'ஆன்னன்', சோமாலியில் 'ஆனோ'. நம் பழந்தமிழில் ஆன் என்றால் பசு. இதைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஊருக்குத் தொலைபேசியில் சொல்லவும் செய்தேன். பிறகு சோமாலிப் பையன் அந்தச் சொல்லைச் சொல்வதை உன்னிப்பாகக் கேட்டேன். சொல் 'ஆ'வில் தொடங்கவில்லை. அதற்கு முன்னால் அரபியில் வருவது போலத் தொண்டையை இறுக்கும் ஒரு மெய் இருக்கிறது. ஒரோமோவில் அந்த மெய் உதிர்ந்துபோய்விட்டது. பழைய வடிவத்தை எடுத்துப் பார்த்தால் நம் ஆனோடு அது ஒட்டவில்லை. அப்பாவோ, உலகெங்கும் குழந்தை வாயில் வருகிற சொல். வினை கடைசியில் வருவதும் ஜப்பானியத்திலும் உண்டு, துருக்கியத்திலும் உண்டு. ஆகவே சொல் ஒத்திருக்கிறது என்று உறவு கொண்டாடாதீர்கள். 'அக்கோ' என்றால் அங்கே பாட்டி. நாற்பது வயதுப் பெண்ணை அக்கா என்று நினைத்து அப்படிக் கூப்பிட்டுவிட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?

பழைய புத்தகங்களைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நூல்களில் ஒரோமோ மக்களை வேறொரு பெயரால் குறித்திருப்பார்கள். அது வசவுச் சொல். அதை இங்கே எழுதக்கூட எனக்கு மனமில்லை. அஃபார் மக்களுக்கும் அப்படி வெளியார் வைத்த பெயர் ஒன்று உண்டு. அவரவர் தங்களை என்ன சொல்கிறார்களோ அதையே சொல்லுங்கள். வட்டாரச் சொற்களையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் கையேட்டில் முட்டைக்கு 'பூபா' என்று இருந்தது, நெக்கெம்தேயில் அது 'ஹன்காகூ'. கடைக்காரர் சிரித்துக்கொண்டே இரண்டையும் எனக்கு எழுதிக் கொடுத்தார்.

எல்லாக் குஷிட்டிக் மொழிக்கும் ஒரோமோவின் நிலை இல்லை. 1995 அரசமைப்பு எல்லா மொழிகளுக்கும் சம மதிப்புத் தந்தது, பள்ளிகளில் தாய்மொழி வந்தது, சிடாமாவுக்கு 2020-இல் தனி மாநிலமே கிடைத்தது. ஆனால் கோண்டர் பக்கத்துக் கெமாந்த் மொழி இப்போது முதியவர் சிலரிடம்தான் இருக்கிறது. கென்யாவின் யாக்கு மக்கள் மாசாய்களின் மொழிக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் மொழி விரல்விட்டு எண்ணும் முதியவர்களோடு நின்றுவிட்டது. அந்தக் கடைசி ஆட்கள் மாலையில் யாரிடம் என்ன பேசுவார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

வீட்டுக்கார அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்க ஓர் ஆண்டு ஆனது. எழுத இன்னும் ஓர் ஆண்டு. இரட்டை எழுத்தில்தான் அவருக்குத் தகராறு. ஐம்பது ஆண்டு அவர் பழகிய எழுத்தில் அழுத்தத்தைப் படிக்கிறவரே போட்டுக்கொள்ள வேண்டும், இப்போது கையே போட வேண்டியிருந்தது. என் பிரச்சினையும் அதே இரட்டை எழுத்துதான், வாயில். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், நான் எழுதியதைப் பார்த்து அவர் திருத்திக்கொள்வார், நான் வாய்விட்டுப் படித்தால் அவர் என் அழுத்தத்தைத் திருத்துவார். பேத்தி மூன்றாம் வகுப்புக்குப் போனதும் எங்களைக் கவனிப்பதை விட்டுவிட்டாள்.

2016-இல் ஊர் திரும்பினேன். இரண்டு ஆண்டு கழித்து, பழைய எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. பேத்தி எழுதியிருந்தால் அவள் வயதுப் பிள்ளைகள் போல எழுத்தைச் சுருக்கி அடித்திருப்பாள். இது முழுசாக, ஒவ்வோர் எழுத்தும் இடம் விட்டு, நிதானமாக இருந்தது. இரண்டே சொல். 'புன்னி தன்ஃபேர.' நடுவில் 'என்' இரண்டும் இருந்தது, நீண்ட உயிருக்கு 'இ' (e) இரண்டும் இருந்தது. அப்போது எங்கள் ஊரில் காலை எட்டரை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே ஆறு, பொழுது இப்போதுதான் விடிகிறது. வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டு, பெரியவருக்குப் போடும் முடிவோடு பதில் அடித்தேன்: அக்கம் புல்தன்?